குரலில் தெரியுமா மனம்?

போன ஐப்பசியில் விடுதியிலிருந்து அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். அன்று அவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் என்பது மறுவாரம் அக்காள் சொல்லித்தான் தெரிந்தது. உளவியல் மாணவனாகிய நான் பெற்ற தாயின் குரலையே அறியத் தவறினேன். குரலையும் முகத்தையும் கொண்டு உணர்ச்சியைக் கண்டறியக் கணிப்பொறிக்குக் கற்பிக்கிறார்களே, அது எவ்வாறு என்று தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

கற்பிக்க முதலில் வேண்டுவன மாதிரிகள். இது கோபம், இது அச்சம் என்று பெயரிட்டுத் தொகுத்த பதிவுகள். அவற்றுள் பெயர் பெற்றது 'ராவ்டெஸ்' தொகுப்பு. கனடாவின் டொராண்டோ நகரில், அப்பொழுது ரையர்சன் என வழங்கிய பல்கலைக்கழகத்தில் உருவானது. லிவிங்ஸ்டன், ருஸ்ஸோ என்னும் இருவர் 2018இல் வெளியிட்டனர். நடிகர் 12 பேர், நடிகையர் 12 பேர். பேச்சும் பாட்டுமாகப் பதிவுகள் 7,356.

இத்தனைக்கும் வாக்கியங்கள் இரண்டே! கதவருகே குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. கதவருகே நாய்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பது மற்றொன்று. இதென்ன வசனம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் "ஐயோ, போய்விட்டாரே" என்று பேசச் சொன்னால் சொல்லே அழுதுவிடும். குரலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. சப்பென்ற வாக்கியமானால் உணர்ச்சி முழுவதும் குரலிலும் முகத்திலும்தான் வந்தாக வேண்டும். மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு, அமைதி, எதுவும் அற்ற வெறும் பேச்சு என எட்டு நிலைகள். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளும் எட்டே. ஆனால் அவர் சொன்ன பெருமிதம் கனடாப் பட்டியலில் இல்லை.

நடிகர் கோபமாக நடித்தார் என்பதாலேயே அது கோபமாகிவிடுமா? அதற்குத்தான் சரிபார்ப்பு. 247 பேரைக் கொண்டு ஒவ்வொரு பதிவுக்கும் பத்துத் தீர்ப்புகள் பெற்றனர். 'இவற்றுள் எதுவுமில்லை' என்று சொல்லவும் இடமளித்தனர். வேறு 72 பேரிடம் மறுமுறையும் கேட்டு, தீர்ப்பு மாறுகிறதா என்று பார்த்தனர். பேச்சுப் பதிவுகளில் முகமும் குரலும் சேர்ந்திருந்தபோது நூற்றுக்கு 80 தீர்ப்புகள் சரியாயின. முகம் மட்டுமெனில் 75. குரல் மட்டுமெனில் 60தான். இந்த எண்ணைக் கண்டதும் எனக்குச் சற்றே ஆறுதல்.

2005இல் வெளியான பெர்லின் தொகுப்பில் கண்டிப்பு இன்னும் அதிகம். ஏறத்தாழ 800 ஒலிப்பதிவுகளை 20 பேர் கேட்டனர். 80 விழுக்காட்டுக்கு மேல் சரியாக உணரப்பட்டு, 60 விழுக்காட்டுக்கு மேல் இயல்பானவை எனக் கருதப்பட்டவையே ஏற்கப்பட்டன, நின்றவை 535. பாடம் கற்பிக்கத் தெளிவான மாதிரி வேண்டும் என்பது சரியே. ஆயினும் எனக்குக் கேட்க ஆசையாயிருப்பவை தள்ளப்பட்டவைதாம். கேட்டவர்களே ஒத்துப்போகாத குரல்கள் அல்லவா அவை! தொகுப்பில் உள்ளவர்கள் உணர்ச்சியைக் காட்ட நடித்தவர்கள். என் அம்மா மறைக்க நடித்தார். கணிப்பொறியிடம் அன்று அவர் குரலைக் கொடுத்திருந்தால் 'அமைதி' என்றே எழுதியிருக்கும். நானும் அப்படித்தானே எழுதிக்கொண்டேன்?

இப்பொழுது முகம் தெரியும்படி காணொளி அழைப்பில்தான் பேசுகிறேன். அம்மாவோ கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். எனக்குத் தெரிவது வீட்டுக் கூரையும் மின்விசிறியும்தான்.