புளியோதரை கட்டாமல் ஒரு பயணம்!

படூர், கேளம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களிடம் விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டால் ஊட்டி, ஏற்காடு என்பார்கள். கொஞ்சம் வசதி கூடியவர்கள் பாங்காக் என்பார்கள். கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் கடலோரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வெளியூர் விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடம், அவ்வளவுதான்.

அப்படிக் காட்டப் போகும் நாளும் நிம்மதியாக இருக்காது. வீட்டுப் பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்ட வேண்டும். ஒரே நாளில் முதலைப் பண்ணை, அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில் மூன்றையும் பார்த்துவிட்டு, இரவு திரும்பிவந்து அதே பாத்திரங்களைக் கழுவ வேண்டும். மற்றவர்களுக்குச் சுற்றுலா, சமைத்தவருக்கு அது இன்னொரு வேலைநாள்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஒரே ஓர் இரவாவது விடுதியில் தங்குவது வீண்செலவு ஆகாது. பத்து கிலோமீட்டருக்கு எதற்கு ரூம் என்று தாத்தா கேட்பார். காபி கேட்டால் வேறு யாரோ கொண்டுவந்து தருவார்கள், படுக்கையை வேறு யாரோ விரிப்பார்கள் என்பதே போதுமான பதில்.

கேளம்பாக்கத்தில் இடதுபுறம் திரும்பினால் உப்பங்கழியைக் கடந்து கோவளம். வண்டியை மெதுவாக ஓட்டினால் தண்ணீரில் கொக்கும் நாரையும் கண்ணில் படும். கோவளத்தில் 1974-ல் தொடங்கிய தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், பழைய கோட்டை இருந்த இடத்தில் நிற்கிறது. 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்துத் தகர்த்த கோட்டை அது. அந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகச் சின்ன விடுதிகள் இருக்கின்றன. ஒரு சூட்சுமம்: சனிக்கிழமை போகாமல் ஞாயிறு மதியம் போய் இறங்குங்கள். சென்னைக் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும். வாடகையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

சாயங்காலம் பார்பிக்யூ. மேசை நடுவில் கரி அடுப்பு வைத்துத் தரும் உணவகங்கள் வந்த பிறகு இந்தச் சொல் நம் வீடுகளில் புழங்குகிறது. சமாசாரம் ரொம்பப் பழசு. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில், இதே கடற்கரையில் தெற்கே உள்ள எயிற்பட்டினத்தில் பாணர்களுக்குக் கள்ளோடு சுட்ட உலர்மீன் கிடைக்கும் என்று வருகிறது. அந்த ஊரை இன்றைய மரக்காணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே அடுப்பெரித்தது அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்களை. கரையில் கிடந்த அந்த மரங்கள் தூங்கும் ஒட்டகங்களைப் போல இருந்தன என்கிறார் புலவர்.

இன்றைக்கு வாசனைக் கட்டை ஒதுங்காது. சிரட்டைக் கரி போதும். விடுதியில் தனி அடுப்பு கேட்டால் சில இடங்களில் ஏற்பாடு செய்து தருவார்கள். வஞ்சிரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முழு சங்கரா மீன் கரியில் சுடுவதற்கு அருமையானது, விலையும் கையைக் கடிக்காது. செதில் எடுத்து, இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பூண்டு விழுது தடவி அரை மணி நேரம் வையுங்கள். எலுமிச்சையைச் சுட்ட பிறகுதான் பிழிய வேண்டும். முன்பே ஊறவிட்டால் சதை குழைந்துபோகும். பலரும் தவறுவது அவசரத்தில். தீ கொழுந்துவிட்டு எரியும்போதே மீனை வைத்தால் தோல் கருகும், உள்ளே வேகாது. கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படியும்வரை பொறுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது விலை ஏறும். இன்னொரு விஷயம்: அடுப்பை விசிறுவது, மீனைப் புரட்டுவது, தட்டு எடுப்பது எல்லாம் வீட்டு ஆண்களின் பொறுப்பு. இதில் சலுகை கிடையாது.

திங்கள் காலை முட்டுக்காடு தட்சிண சித்ரா. பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் வந்துவிடும். டெபோரா தியாகராஜன் 1984-ல் நிறுவிய சென்னை கைவினை அறக்கட்டளை, 1996 டிசம்பரில் திறந்த அருங்காட்சியகம் இது. வளாகத்துக்குத் திட்டம் வரைந்தவர் லாரி பேக்கர். கண்ணாடிப் பெட்டிக்குள் சாமான் பார்க்கும் இடமல்ல; இங்கே காட்சிப்பொருள் வீடுகளே. செட்டிநாட்டு வீடு, அக்ரகாரத்து வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடு என்று தென்னகத்தின் 18 வீடுகள். இடிபட இருந்த வீடுகளை வாங்கி, தூண், கதவு, உத்தரம் என்று பிரித்துக் கொண்டுவந்து, மரபு அறிந்த கைவினைஞர்களை வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

பாட்டிகளை இங்கே அவசரப்படுத்தக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் பிறந்த பேரனுக்குத் திண்ணை என்றால் என்ன, முற்றத்தில் மழை எப்படி விழும் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நிஜத் திண்ணை கிடைக்கும் இடம் இது. உட்காரவிட்டு, குழந்தைகளை மண்பானை வனையும் இடத்துக்கு அனுப்பலாம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வருபவர்கள் பாதியைப் பார்க்காமலே திரும்புவார்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் இன்னும் வடக்கே, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர், ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாமல் தவித்த இளம் கலைஞர்களோடு 1966-ல் தொடங்கியது. பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். துணி விற்றது சோற்றுக்கு, மற்ற நேரமெல்லாம் ஓவியத்துக்கு. 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பணிக்கர் முதலான சென்னை இயக்கத்தாரின் படைப்புகள் இருக்கின்றன; வெளியே மரநிழலில் சிற்பங்கள். ஓவியம் புரியவில்லையே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று குழந்தைகளைக் கேளுங்கள், சுவாரஸ்யமான சண்டை ஒன்று நிச்சயம்.

தட்சிண சித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிளம்புவதற்கு முன் நேரத்தையும் கட்டணத்தையும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலமென்றால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் போதும். சாப்பாட்டுக் கூடை வேண்டாம்.