முன்பணமும் முடியா வேலையும்

கோபுரங் கட்டப் புகுவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டுமென்பது லூக்கா சுவிசேஷத்தால் நாமனைவரும் அறிந்ததே. கணக்கிட்டுப் பணமுங் கொடுத்த பின்னர், வாங்கினவர் ஒரு கல்லும் எடுத்து வையாது போவாராயின் என் செய்வதென்பதை அறிந்தோர் மிகச் சிலர். யாமும் சென்ற ஆண்டுவரை அறிந்திலேம்.

கோவையின் வடபால், சத்தி சாலையில் உள்ளது சரவணம்பட்டி. 2011 இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பெற்ற இவ்வூரில் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி இல்லங்களும் பெருகிவிட்டமையின், கொத்தனாரைப் பிடிப்பது மழையைப் பிடிப்பதினும் அரிது. ஆகவே பேச்சு முடிந்தவுடன் ஒரு தொகையைக் கையிற் கொடுத்து வேலையை உறுதி செய்துகொள்ளுதல் வழக்கமாயிற்று. எம் தந்தையார் இல்லத்துச் சுற்றுச்சுவருக்காக ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு 75,000 ரூபாய் கொடுத்தார். 50,000 வங்கி வழியாக, 25,000 கையில். “வெள்ளிக்கிழமை ஆளு வந்துருங்க ஐயா” என்றார் அவர். ஏழு மாதமாகியும் அவ்வெள்ளிக்கிழமை பிறந்திலது.

இத்தகைய பணம் யாருடையது? இவ்வினாவுக்கு விடை கூறிய புகழ்பெற்ற வழக்கொன்று நம் மில் நகரத்தார்க்குச் சுவை தருவதாம். 1939 ஜூலையில் போலந்து நாட்டுக் கம்பெனியொன்று, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து இயந்திரக் கம்பெனியிடம் சணல் நார் சீவும் இயந்திரங்களுக்கு 4,800 பவுன் விலை பேசி, 1,000 பவுன் முன்பணம் அனுப்பிற்று. செப்டம்பரில் போர் மூண்டது. இயந்திரம் இறங்கவேண்டிய கிடினியாத் துறைமுகம் ஜெர்மானியர் வசமாயிற்று. பணத்தைத் திருப்புமாறு போலந்தார் கேட்க, வேலையிற் பெரும்பகுதி செய்துவிட்டோமென்று லீட்ஸ் கம்பெனியார் மறுத்தனர். அவர் கூற்றில் நியாயமில்லாமலும் இல்லை. எனினும், பணம் எதன்பொருட்டுக் கொடுக்கப்பட்டதோ அது சிறிதும் கைக்கு வாராவிடில் பணம் மீளவேண்டுமென்று 1942 இல் பிரபுக்கள் சபையார் தீர்ப்பளித்தனர். இவ்வழக்கு ‘பைப்ரோசா வழக்கு’ என வழங்கும். வேலை செய்தவர் செலவிட்டதையும் கருதவேண்டுமென மறு ஆண்டே பார்லிமெண்டார் தனிச் சட்டம் இயற்றினர்.

நம் நாட்டிலோ இக்கொள்கை எழுபது ஆண்டு முன்னரே, 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தம் வெறிதாய்விடின் அதனாற் பெற்ற நன்மையைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டுமென்பது அதன் 65 ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே காட்டும் உதாரணங்களுள் ஒன்று: கச்சேரியிற் பாட ஒருவர் 1,000 ரூபாய் முன்னரே பெற்றார், நோயுற்றுப் பாட இயலவில்லை. கச்சேரி நடத்துவோர் இழந்த இலாபத்துக்கு அவர் ஈடுசெய்ய வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வாயிரம் ரூபாயைத் திருப்பியே ஆகவேண்டும். நோயாளியாகிய பாடகர்க்கே இது கடனென்றால், நலமாயிருந்து கரண்டியைத் தொடாதவரைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! அவர்பால் முன்பணமே யன்றி, அவர் தவறினமையால் நேர்ந்த நஷ்டத்தையும் கேட்கலாமென்பது 73 ஆம் பிரிவு.

அச்சாரம் வேறு, முன்பணம் வேறு என்று வாதிப்போர் உண்டு. உண்மையே. வாங்குவோன் சொற்பிறழாமைக்கு ஈடாக வைப்பது அச்சாரம். அவன் பிறழ்ந்தால் அது போகும். விலையின் ஒரு பகுதியாக முன்னரே தருவது முன்பணம். அது அவ்வாறு போகாது. இவ்வேற்றுமையைச் சுப்ரீம் கோர்ட்டார் 2012 இலும் வற்புறுத்தியுள்ளனர். ஆனால் பணம் பெற்றவரே சொற்பிறழ்ந்தவிடத்து இவ்வாதம் அவர்க்கு உதவாது.

இனி மீட்கும் நெறி. ஒப்பந்தம் நிலைத்திருக்கும்வரை ‘நாளை வருகிறேன்’ என்னும் சொல்லும் நிலைத்திருக்கும். ஆகவே முதலில் அதனை முறித்தல் வேண்டும். இன்ன நாளுக்குள் தொடங்காவிடின் ஒப்பந்தம் நீங்கியது, பணத்தைத் தருக என எழுதி, ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புவதே வக்கீல்கள் முதலிற் செய்வது. எம் இல்லத்தில் ஆறு மாதம் தொலைபேசியிற் பேசிக் கழித்தோம், இதனைச் செய்திலேம்.

அதன் பின்னரும் மசியாராயின் நுகர்வோர் ஆணையம் உண்டு. 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையிடுவோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிடின் கட்டணமில்லை. வக்கீல் இன்றியும் வழக்காடலாம். இரண்டாண்டுக்குள் செல்லவேண்டும். சிவில் கோர்ட்டுக்கு மூன்றாண்டு. ஆணையத்தின் கட்டளையை மீறுவோர்க்குச் சிறையும் உண்டு.

பலரும் முதலில் ஓடுவது போலீஸ் நிலையத்துக்கே. வாக்குத் தவறுதல் எல்லாம் மோசடியாகாது; பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணமிருந்ததாகக் காட்டினாலன்றி அது குற்றவழக்காகாதென்று சுப்ரீம் கோர்ட்டார் பலமுறை கூறியுள்ளனர். ஒரே சமயத்திற் பலரிடம் வாங்கி மறைந்தவர் நிலை வேறு. அவர் கொடுத்த செக்கு பணமின்றித் திரும்பினால் அதற்கும் தனி வழி உண்டு. முப்பது நாளுக்குள் நோட்டீசு அனுப்பவேண்டும்.

எம் தந்தையார் நோட்டீசு அனுப்பிய பதினொன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் தாமே வீடு தேடி வந்தார். வங்கி வழியாகச் சென்ற 50,000 இரு தவணையில் வந்து சேர்ந்தது. கையிற் கொடுத்த 25,000 ஐப்பற்றிக் கேட்டதற்கு, “எந்தப் பணம்ங்க ஐயா?” என்றார். ரசீது இல்லை. எம் தாயார் மட்டும் கைப்பேசியைத் துருவித் துருவிப் பார்த்து, “மொத்தம் எழுவத்தஞ்சும் தந்தர்றனுங்க” என்று அவர் முன்னொரு நாள் எழுதிய செய்தியைக் கண்டெடுத்தார். மின் பதிவைச் சான்றாக்க உரிய சான்றிதழும் இணைத்தல் வேண்டுமென்று வக்கீல் சொன்னார். முறையீடு ஆணையத்தில் இருக்கிறது. சுவரில்லாத மனையில் தெரு ஆடுகள் காலையும் மாலையும் வந்து எம் முருங்கைக் கன்றுகளைத் தின்கின்றன.