லிங்கைத் தொடும் முன் முகவரியைப் படியுங்கள்

‘மின் கட்டணம் பாக்கி. இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே கட்ட கீழே உள்ள லிங்கைத் தொடவும்.’ இப்படி ஒரு குறுஞ்செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். பதறிப்போய்த் தொட்டால், அசல் இணையதளம் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும். அது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முத்திரையையும் நிறத்தையும் யார் வேண்டுமானாலும் காப்பி அடித்துவிடலாம். ஆனால் முகவரியை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அதைப் படிக்க, சில சொற்கள் தெரிந்தால் போதும்.

பிரவுசர்

இணையதளங்களைத் திறந்து காட்டும் ஆப். குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் எல்லாம் பிரவுசர்கள்தான். அதில் நீளமாகத் தெரியும் கட்டத்தில்தான் இணையதளத்தின் முகவரி இருக்கும். போனில் பாதி முகவரிதான் தெரிகிறதா? அந்தக் கட்டத்தைத் தொடுங்கள், முழுசாகத் தெரியும்.

சர்வர்

நீங்கள் பார்க்கும் பக்கம் உங்கள் போனில் இருப்பதில்லை. எங்கோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர்.

ஐபி முகவரியும் டிஎன்எஸ்ஸும்

இணையத்தில் ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்று அடையாளம் காண்பது எண்ணால்தான். 192.168.1.1 என்பது போல, 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதுவது பழைய, இன்றும் பரவலாக இருக்கும் முறை. இதையெல்லாம் யார் மனப்பாடம் செய்வது? போனில் ‘அம்மா’ என்ற பெயரைத் தொட்டால் எண் தானாக டயல் ஆகிறதல்லவா? அதுபோல, நாம் டைப் செய்யும் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ்.

டொமைன்

அந்தப் பெயர்தான் டொமைன். இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். தபால் முகவரியில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று போகப்போகப் பெரிதாகும். ‘காந்தி ரோடு’ என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் காந்தி ரோடு என்று கேட்போம். இணைய முகவரியும் அப்படித்தான். யாருடையது என்பதைக் கடைசிப் பகுதிதான் சொல்லும்.

தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்த சாய்கோடு வரைக்கும் உள்ள பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிந்தால் அது தமிழ்நாடு அரசுடையது. ‘ஜிஓவி டாட் இன்’ என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதே எழுத்துகள் முன்னால் வந்து, பெயர் ‘டாட் காம்’ என்று முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை. புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டு ஏமாற்றுவதும் உண்டு.

ஒரு விஷயம்: எல்லாப் பொதுச் சேவைகளும் இந்த முடிவில் இருப்பதில்லை. ரயில் டிக்கெட் தளம் ‘ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்’ என்றுதான் முடியும். அதனால், நீங்கள் அடிக்கடி போகும் தளங்களின் சரியான முகவரியை ஒருமுறை உறுதி செய்து, பிரவுசரில் புக்மார்க் போட்டு வையுங்கள்.

எச்டிடிபிஎஸ்

முகவரியின் தொடக்கத்தில் இது இருந்தால், நீங்கள் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது. ஒட்டிய கவர் மாதிரி. ஆனால் கவரை வாங்குபவர் நல்லவரா என்று அது சொல்லாது. போலித் தளங்களிலும் எச்டிடிபிஎஸ் இருக்கும்.

என்ன செய்யலாம்?

பயமுறுத்தும் செய்தி வந்தால் லிங்கைத் தொடாதீர்கள். நீங்களே புக்மார்க் வழியாகவோ அதிகாரபூர்வ ஆப் வழியாகவோ போய் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.