மீட்பர் விழாவின் ஒளிப் படகுகள்



ஜூலை மாதத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின இரவு, இத்தாலியின் வெனிஸ் நகரில் படகுகள் விளக்கேற்றிக்கொண்டு நீர்ப்பரப்பில் திரண்டு நிற்கும். இலைக் கொத்துகள், வண்ணக் காகித விளக்குகள், படகிலேயே குடும்பத்தோடு இரவு உணவு. வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறிய மத்தி மீன் அதில் உண்டு. நள்ளிரவு நெருங்கும்போது வாணவேடிக்கை. கைப்பேசியில் இதைப் பார்த்து வியக்கும் நாம், இது ஒரு நேர்த்திக்கடன் என்பதை அறிவதில்லை.

1575 முதல் 1577 வரை கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியது. ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். 1576 செப்டம்பரில், சாவு ஓயாத நாள்களில், ஆட்சிமன்றம் ஓர் ஆலயம் கட்ட நேர்ந்துகொண்டது. ஆண்டுதோறும் நாட்டின் தலைவர் அங்கே சென்று வழிபடுவார் என்றும் வாக்களித்தது. அடிக்கல் நாட்டியது 1577 மே மாதம். நோய் நீங்கியதாக அறிவித்ததோ ஜூலையில்தான்!

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நம் நேர்ச்சைகள் எப்படி? "பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும், தேருக்கு விளக்கு போடுகிறோம்" என்போம். கிடைத்த பிறகே பணம் வெளியே வரும். (பெரிய குற்றமில்லை, பெத்தேலில் யாக்கோபும் ஏறக்குறைய அப்படித்தான் நேர்ந்தார்.) வெனிஸ் மக்களோ, நோய் தீர்ந்தது என்று யாரும் சொல்லாதபோதே கல் நாட்டினார்கள். எருசலேம் முற்றுகையில் கிடந்தபோது எரேமியா அனத்தோத்தில் நிலம் வாங்கினாரே, அந்த நம்பிக்கை இது.

இன்னொன்றும் உண்டு. கொள்ளைநோயில் நாம் மன்றாடும் புனித ஆரோக்கியநாதரின் உடல் அதே நகரில்தான் இருக்கிறது. புனித செபஸ்தியாருக்கும் அங்கே ஆலயம் உண்டு. ஆனாலும் புதிய ஆலயத்தை மீட்பருக்கே அர்ப்பணித்தார்கள். நோயிலிருந்து எழுந்தவரும் ஒருநாள் இறப்பார். இலாசரும் மறுபடி இறந்தார். சாவைக் கடந்து நம்மைக் கொண்டுசெல்பவர் ஒருவரே. அந்தத் துயரத்திலும் இதைத் தெளிவாகக் கண்டது பெரிய காரியம்.

ஆலயத்தை வடிவமைத்த பல்லாதியோ 1580-இல் இறந்துவிட்டார். அர்ச்சிப்பு நடந்தது 1592-இல். அது ஜுதேக்கா தீவில் இருப்பதால், விழாவுக்கென்று 300 மீட்டருக்கும் அதிகமான தற்காலிகப் பாலத்தைத் தண்ணீர்மேல் அமைக்கிறார்கள். முன்பு படகுகளையே வரிசையாகக் கட்டிப் பாலமாக்கினார்கள். 1797-இல் குடியரசு வீழ்ந்து, வாக்குக் கொடுத்த ஆட்சியே இல்லாமற்போயிற்று. மக்கள் இன்றும் அந்தப் பாலத்தில் நடக்கிறார்கள்.

2020-இல் கொரோனா காரணமாக வாணவேடிக்கையை நிறுத்தினார்கள். ஞாயிறு திருப்பலியை நிறுத்தவில்லை.