அமெகாமெகாவின் வானம்: அன்றும் இன்றும்

மழை வருமா, பனி விழுமா என்று தெரிந்துகொள்ள அமெகாமெகாக்காரர்கள் முன்பெல்லாம் வாசலுக்கு வந்து கிழக்கே பார்ப்பார்கள். மெக்சிகோ சிட்டிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கு மேலே இருக்கும் விவசாய ஊர் இது. கிழக்கே போப்போகாட்டெபெட்ல், இஸ்டாக்சிஹுவாட்ல் என்று இரண்டு எரிமலைகள். இரண்டுமே 5,000 மீட்டரைத் தாண்டியவை. எந்தச் சிகரத்தில் எந்தப் பக்கம் மேகம் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்தே அன்றைக்கு என்ன வேலை பார்ப்பது என்று முடிவாகும்.

பருவம் இரண்டுதான். மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி. மழைக்காலத்தின் நடுவில், ஜூலை ஆகஸ்ட் வாக்கில், சில வாரம் வானம் வெளுத்துவிடும். அந்த இடைவெளிக்கு ‘கனிக்குலா’ என்று பெயர். குளிர்காலத்தில் விடியற்காலை உறைபனி.

இந்தக் கணக்குக்குள் மக்காச்சோளத்தை வளர்த்தெடுப்பது ஒரு வித்தை. இந்த வட்டாரத்தின் பழைய ரகம் சால்கேன்யோ, பக்கத்து சால்கோவின் பெயரைத் தாங்கியது. அதை மழைக்காகக் காத்திருந்து விதைப்பதில்லை. மார்ச், ஏப்ரலில் மேல்மண் புழுதியாகக் கிடக்கும்போதே, அந்தப் புழுதியை மண்வெட்டியால் ஒதுக்கி, ஈரம் தட்டுப்படும் ஆழம்வரை தோண்டி, குழிக்குச் சில விதைகள் போட்டு மூடுவார்கள். போன மழைக்காலம் மண்ணில் விட்டுப்போன ஈரம் அது. அவ்வளவு ஆழத்திலிருந்தும் முட்டிக்கொண்டு மேலே வரும் முளை, முதல் மழை வரும்வரை அந்த ஈரத்திலேயே தாக்குப்பிடிக்கும். மழை மிகவும் பிந்தி, பயிர் கருகி, ஜூனில் மறுவிதைப்பு செய்தால் வேறொரு ஆபத்து: கதிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். பிந்திய மழைக்கும் முந்திய பனிக்கும் நடுவே கிடைக்கும் மாதங்களில்தான் ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாடு இருக்கிறது.

அதனால்தான் மழையோடு பேச ஊரில் ஆள் இருந்தார்கள். கிரானிசெரோ என்பார்கள். இடி தாக்கியும் பிழைத்தவருக்கு அந்த வேலை மேலிருந்து இடப்பட்டதாக நம்பிக்கை. மே மாதம் புனிதச் சிலுவைத் திருநாளையொட்டி மலைக்குகைக்குப் படையல் கொண்டுபோய் மழை கேட்பார்கள். ஆலங்கட்டி மழை திரண்டு வந்தால் வயலை விட்டு விரட்டுவார்கள். நவம்பரில் நன்றி சொல்லிப் பருவத்தை முடித்துவைப்பார்கள். மானுடவியலாளர் கியெர்மோ போன்ஃபில் பட்டாய்யா 1968இல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுக்க வானத்தைக் கவனித்து, அதற்கு ஒரு நாட்காட்டி வைத்துக்கொண்டு, ஊரையும் அதன்படி நடக்கவைத்தவர்கள் அவர்கள்.

இன்று அந்த நாட்காட்டி பிசகுகிறது. 2023இல் நாட்டின் பெரும்பகுதியில் கடும் வறட்சி. 2024 மே 25 அன்று மெக்சிகோ சிட்டியில் 34.7 டிகிரி வெயில். அந்நகரம் அதுவரை பதிவு செய்திராத உச்சம். முதல் மழைக்காக மேட்டு நிலத்துப் பயிர் காத்து நிற்கும் மாதம் அது.

மலையே மாறிவிட்டது. இஸ்டாக்சிஹுவாட்லின் மேற்குச் சரிவில், ஊரைப் பார்த்தாற்போல் இருந்த அயொலோகோ பனிப்பாறை 2018இல் அழிந்துவிட்டதாக மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2021இல் 4,600 மீட்டருக்கு மேலே, பாறை மட்டும் மிஞ்சிய அந்த இடத்துக்கு ஏறிப்போய் இரங்கல் பலகை ஒன்றைப் பதித்துவிட்டு வந்தார்கள்.

காற்றுக்கு வருவோம். அன்றைய காற்று தூய்மையாக இருந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். மூன்று கல் வைத்த விறகடுப்பில், ‘கொமால்’ தட்டில் தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி சுட்ட பெண்களின் நுரையீரலைக் கேட்டால் தெரியும். மார்ச் முதல் மே வரை, ஆடுமாடுகளுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்று மலைச்சரிவுப் புல்லுக்குத் தீ வைப்பதும், அது காட்டுக்குத் தாவுவதும் பழைய வழக்கம்தான். குளிர்காலக் காலையில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் மூடி போட்டதுபோல் அமைந்துவிட, புகை தெருவோடு தவழும். ஆனால் அந்தப் புகை கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், யார் வீட்டுப் புகை என்றும் தெரியும்.

1994 டிசம்பர் 21 அன்று போப்போகாட்டெபெட்ல் பல பத்தாண்டுத் தூக்கம் கலைந்து சாம்பலைக் கக்கியது. அதிலிருந்து சாம்பலும் ஒரு வானிலை ஆகிவிட்டது. 2023 மே மாதம் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டபோது சுற்றுவட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டன. கூரைச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. நனைந்தால் கனத்துவிடும், சாக்கடையில் இறங்கினால் அடைத்துக்கொள்ளும். உலர்வாகவே கூட்டிப் பையில் கட்ட வேண்டும். இருந்தும் மலைமேல் ஊருக்குப் பெரிய கோபமில்லை. ‘தோன் கோயோ’, அதாவது கிரகோரி ஐயா, என்று மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள்.

கோபப்பட வேண்டியது ஓசோன்மீது. அதற்கு நிறமில்லை, புகைபோக்கியும் இல்லை. வாகனப் புகையும் கரைப்பான், பெட்ரோல் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. ஆகவே புகை கிளம்பிய இடத்தைவிடக் காற்று போகும் திசையில், சில மணி நேரம் கழித்து, தொலைவில் கூடுவதும் உண்டு. மெக்சிகோ பள்ளத்தாக்குக்குக் கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் உயர்ந்த மலை; வடக்கே திறப்பு, தென்கிழக்கே ஒரு தாழ்வான வாசல். அமெகாமெகா அந்தத் தென்கிழக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. சில நாள் தெற்கிலிருந்து நல்ல காற்று இவ்வழியே நகரத்துக்குள் போகிறது. சில நாள் நகரத்தின் காற்று இவ்வழியே வெளியேறுகிறது. 2011இல் இந்த வாசலிலேயே கருவி வைத்து அளந்து இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஓசோன் இலைத்துளை வழியே புகுந்து பயிரை உள்ளிருந்து வாட்டும். அது என்ன செய்யும் என்பதை நகரத்தை ஒட்டிய அஹுஸ்கோ மலையின் பைன் ஊசிகளில் விழுந்த மஞ்சள் புள்ளிகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

நகரம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989இல் வாகனங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. 1991இல் அஸ்கபொட்சால்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மூடல். பின்னர் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிப்பு. 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் ஓசோன் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பலன் இவ்வூருக்கும் சேர்ந்துதான் கிடைத்தது. ஆனாலும் பிப்ரவரி முதல் ஜூன் வரை, அதாவது விதைப்பும் முளைப்பும் நடக்கும் அதே மாதங்களில், அளவு இன்னும் எல்லை மீறுகிறது. 

எல்லையை வெகுவாக மீறும் நாள்களில் சுற்றுச்சூழல் நெருக்கடி அறிவிக்கப்படும். வாகனங்களில் ஒரு பகுதி நிறுத்தப்படும், வெளியே விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படும். வாகனக் கட்டுப்பாடு செல்லுபடியாவது தலைநகரின் 16 பிரிவுகளிலும், அதை ஒட்டிய மெக்சிகோ மாநிலத்தின் 18 நகராட்சிகளிலும். சால்கோ அந்தப் பட்டியலில் உண்டு. அமெகாமெகா இல்லை.