மௌனம் எப்போதும் சம்மதம் ஆகாது

“மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெண் பார்க்க வரும்போதும், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கும்போதும், வயதான அம்மாவை இன்னொரு மகன் வீட்டுக்கு அனுப்பும்போதும் எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் அதைச் ‘சரி’ என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால், அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு.

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வில், ஆம்–இல்லை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஆங்கிலம் என்று வெவ்வேறு மொழிகளிலும் இடைவெளி மிகக் குறைவுதான்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஒப்புக்கொள்ளும் பதில் விரைவாக வருகிறது. மறுக்கும் பதில் தாமதமாக வருகிறது. 2011இல் வந்த வேறோர் ஆய்வில், பதிலுக்கு முன் மௌனம் நீள நீள, ‘இவருக்கு இஷ்டமில்லை’ என்றே கேட்பவர்கள் கணித்தார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. “அண்ணே, சனிக்கிழமை கோயில் வேலைக்கு வர்றீங்களா?” என்று மேரு பாசார் மாலாமில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். வருகிறவர் உடனே “வந்துர்றேன்பா” என்பார். வராதவர் சற்று நிறுத்தி, “ம்… அது வந்து… பார்க்கலாம்பா” என்பார். ‘முடியாது’ என்ற சொல்லே வராது. ஆனாலும் நமக்குப் புரிந்துவிடும். முகத்துக்கு நேரே மறுத்து மனம் நோகச் செய்யக்கூடாது என்பதே காரணம். இத்தகைய நாசூக்கை விளக்கிய பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. அதற்கான தமிழ்ப் பேச்சு கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் திரட்டப்பட்டது.

எல்லா மௌனமும் மறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. மாமனார் முன் மருமகள் பேசாதிருப்பது மரியாதையாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். கிளினிக்கில் மலாயில் கேட்ட கேள்வியைப் பாட்டி மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருக்கலாம். காதில் சரியாக விழாமலும் இருக்கலாம். இத்தனை பொருள் உள்ள ஒன்றைச் சம்மதம் என்று மட்டும் படிப்பது, கேட்டவருக்கு வசதி என்பதால்தான்.

நம் நாட்டுச் சட்டமும் மௌனத்தை நம்புவதில்லை. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, இருவரும் சுயமாகச் சம்மதிக்கிறார்கள் என்று பதிவாளர் திருப்தியடைந்த பிறகே திருமணத்தை நடத்தலாம்.

வீட்டிலும் அப்படியே செய்யலாம். “சரிதானேம்மா?” என்று கேட்டால், ‘இல்லை’ என்பதற்கு இடமே இல்லை. “உனக்கு என்னம்மா தோணுது? வேண்டாம்னாலும் பரவாயில்லை, சொல்லு” என்று கேளுங்கள். கூட்டத்தில் வேண்டாம், தனியாகக் கேளுங்கள். கேட்டபின் நீங்களே பதிலை எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். தயங்கி வந்தாலும் அந்தப் பதில் அவருடையதாக இருக்கட்டும்.