படித்தாலே நகல் ஆகும் மெமரி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்: ஒரே புரோகிராமை இருபது வொர்க்கரா ஓட்டினா இருபது மடங்கு ராம் வேணுமா?

லினக்ஸில் வேண்டியதில்லை. ஒரு ப்ராசஸ் ஃபோர்க் ஆகும்போது கெர்னல் அதோட மெமரியை நகலெடுக்காது. பேஜ் டேபிளை மட்டும் நகலெடுத்து, ரெண்டு ப்ராசஸும் ஒரே ராம் பேஜையே பார்க்கும்படி வைத்து, அதை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடும். யாராவது எழுதப் போனால் பேஜ் ஃபால்ட். அப்போதுதான் அந்த ஒரு பேஜுக்குத் தனி நகல், பெரும்பாலும் 4 கேபி. ஹாஸ்டல்ல ஒரே நோட்ஸை நாலு பேர் படிக்கிற மாதிரி. கிறுக்கணும்னு நினைக்கிறவன் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கணும். காப்பி ஆன் ரைட் என்பது இவ்வளவுதான்.

பைத்தானில்தான் சிக்கல். ஒரு ஆப்ஜெக்டை நீங்க சும்மா படிச்சாலே அதோட ரெஃபரன்ஸ் கவுன்ட் மாறும். அந்த எண் ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கு. அதாவது, நீங்க படிக்கிறதா நினைக்கிறீங்க. கெர்னல் கண்ணுக்கு அது எழுத்து.

இன்ஸ்டாகிராம் எஞ்சினியர்கள் 2017-ல் இதைப் பற்றி எழுதினார்கள். அவங்க ஜாங்கோ சர்வரில் வொர்க்கர்கள் ஃபோர்க் ஆனதுமே பகிர்ந்த மெமரி சரசரன்னு குறைஞ்சது. ரெஃபரன்ஸ் கவுன்ட் மேலதான் முதல் சந்தேகம், ஆனா அதைத் தொட்டுப் பார்த்தும் பலன் இல்லை. பெர்ஃப் வைத்துப் பேஜ் ஃபால்ட் எங்கிருந்து வருதுன்னு தேடினால், கார்பேஜ் கலெக்டர்! எது குப்பைன்னு கணக்குப் பார்க்கவே அது ஒவ்வொரு ஆப்ஜெக்டின் தலைப்பகுதியிலும் எழுதுது. அதை அணைச்சாங்க. ஒரு லைப்ரரி திரும்ப ஆன் பண்ணிடுச்சு (எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது). கடைசியில் த்ரெஷோல்டை 0 ஆக்கித்தான் நிறுத்தினாங்க.

நீங்க இதையே செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். சுழற்சியா ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கிற ஆப்ஜெக்டுகள் அப்புறம் விடுபடாது, மெமரி ஏறிக்கிட்டே போகும். பைத்தான் 3.7-ல் ஃப்ரீஸ் என்ற ஃபங்ஷன் வந்தது. ஃபோர்க்குக்கு முன்னாடி அதைக் கூப்பிட்டால், அதுவரை உருவான ஆப்ஜெக்டுகளைக் கலெக்டர் தொடாது. 3.12-ல் நன், ட்ரூ மாதிரி சில ஆப்ஜெக்டுகளின் கவுன்ட் மாறவே மாறாது.

உங்க சர்வரில் பார்க்கணும்னா டாப் காட்டும் ரெஸ் எண்களைக் கூட்டாதீங்க. பகிர்ந்த பேஜை அது ஒவ்வொரு வொர்க்கருக்கும் முழுசா எண்ணும். ப்ராக்குக்குள்ள எஸ்மேப்ஸ் ஃபைலில் பிஎஸ்எஸ் என்று ஒரு வரி இருக்கும். பகிர்பவர்களுக்கு இடையே பங்கு பிரிச்ச கணக்கு அது, அதைக் கூட்டுங்க.